புது ஆல்டர்நேட்டர் போட்டும் பேட்டரி இறங்குதா? அடுத்த பில் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



வழக்கமா இங்க வருமான வரி, ஹோம் லோன், மியூச்சுவல் ஃபண்ட்னு பேசுவோம். இன்னிக்கு காரோட ஒயரிங் பத்திப் பேசப் போறேன். "சிஏ-வுக்கு இங்க என்ன வேலை?"ன்னு கேட்கலாம். என் கார் விஷயத்துல 19,800 ரூபாய் செலவு பண்ணேன். அது தேவையான செலவா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. பிரச்சினை கடைசியில தீர்ந்தது 1,550 ரூபாயில. அடுத்தவங்க கணக்கைத் தணிக்கை பண்றவன் சொந்த பில்லைத் தணிக்கை பண்ணாம கட்டின கதை இது. உங்களுக்கு நடக்கக் கூடாது.

நடந்தது இதுதான். 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. விழுப்புரத்துல இருந்து குடும்பத்தோட சென்னை திரும்பிட்டு இருந்தோம். ராத்திரி, நல்ல மழை. ஹெட்லைட், வைப்பர், ஏசி எல்லாம் ஓடிட்டு இருக்கு. மேல்மருவத்தூர் தாண்டினதும் ஹெட்லைட் மங்க ஆரம்பிச்சது, வைப்பர் இழுத்து இழுத்து ஓடுச்சு. ஓரமா நிறுத்தி ஆஃப் பண்ணேன். அவ்வளவுதான், திரும்ப செல்ஃப் எடுக்கவே இல்ல. வெறும் "கட் கட்" சத்தம்.

வந்த மெக்கானிக் ஜம்ப் கேபிள் போட்டு ஸ்டார்ட் பண்ணார். இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழட்டினார். வண்டி ஆஃப் ஆயிடுச்சு. "டைனமோ போச்சு சார்"னு சொல்லிட்டார். மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்ல புது ஆல்டர்நேட்டர் போட்டேன். லேபரோட 14,600 ரூபாய்.

அஞ்சு நாள் ஒழுங்கா ஓடுச்சு. ஆறாவது நாள் காலையில ஆபீஸ் கிளம்பும்போது மறுபடியும் "கட் கட்". "பேட்டரி பழசு சார்"னாங்க. 5,200 ரூபாய்க்குப் புது பேட்டரி. ரெண்டு வாரத்துல அதுவும் படுத்துடுச்சு. மூணாவது தடவை வந்த எஸ்டிமேட்: "ஒயரிங் ஹார்னஸ் மாத்தணும், 22,000 ஆகும்."

அங்கதான் நிறுத்தினேன்.

மூணாவது பில்லுக்கு ஏன் கிட்டத்தட்ட சரின்னு சொல்ல இருந்தேன்?

"ஏற்கனவே 19,800 போட்டாச்சு, இன்னும் 22,000 போட்டா முடிஞ்சுடும், பாதியில விட்டா போட்டதும் வேஸ்ட்." இதுதான் என் மண்டைக்குள்ள ஓடுச்சு. நஷ்டத்துல இருக்கிற பங்கை இன்னும் வாங்கி ஆவரேஜ் பண்றவங்களுக்கு நான் எத்தனை தடவை அட்வைஸ் பண்ணியிருப்பேன்! போன பணம் போனதுதான். இப்போ கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: இந்த 22,000 ரூபாய் பிரச்சினையைத் தீர்க்கும்னு யாராவது அளந்து காட்டினாங்களா? இல்ல. மூணு தடவையும் யாரும் எதையும் அளக்கல. சந்தேகப்பட்ட பொருளை மாத்திப் பார்த்தாங்க, அவ்வளவுதான். சந்தேகம் அவங்களோடது, பணம் என்னோடது.

700 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில உட்கார்ந்து பார்த்தேன். அதை அப்படியே உங்களுக்குச் சொல்றேன்.

முதல்ல கரன்ட் போற வழி

இது புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. இன்ஜின் ஓடும்போது பெல்ட் ஆல்டர்நேட்டரைச் சுத்தும், அது கரன்ட் தயாரிக்கும். பின்னாடி இருக்கிற பி பிளஸ் போல்ட்ல இருந்து ஒரு தடிமனான கேபிள் கிளம்பி, ஃபியூஸ் பாக்ஸ்ல இருக்கிற மெயின் ஃபியூஸ் வழியா பேட்டரி பிளஸ்ஸுக்குப் போகும். திரும்பி வர்ற வழி: பேட்டரி மைனஸ், எர்த் கேபிள், இன்ஜின், ஆல்டர்நேட்டர் பாடி. இது தவிர ஆல்டர்நேட்டர்ல ஒரு சின்ன கப்ளர் இருக்கும். டேஷ்போர்டு லைட், ரெகுலேட்டருக்கான சிக்னல் எல்லாம் அது வழியா.

ஆக, பேட்டரி சார்ஜ் ஆகலைன்னா ஆல்டர்நேட்டர் மட்டும் குற்றவாளி கிடையாது. பிளஸ் கேபிள், மெயின் ஃபியூஸ், எர்த், சின்ன கப்ளர்னு சந்தேக லிஸ்ட்ல இன்னும் நாலு பேர் இருக்காங்க. ஆல்டர்நேட்டரை மாத்தும்போது இந்த நாலுலயும் கை படும். ஒரு நட்டு சரியா இறுகாம போகலாம், பழைய ஒயர் இழுபட்டு உள்ள முறியலாம், கப்ளர் பாதி மட்டும் உட்கார்ந்திருக்கலாம். புதுப் பொருள் போட்ட பிறகும் பழைய பிரச்சினை தொடர்ந்தா, இல்ல புதுப் பிரச்சினை வந்தா, முதல்ல இங்கதான் பார்க்கணும்.

சம்பளத்தை வச்சு யோசிங்க. கம்பெனி ஒரு லட்சம் அனுப்பினதா சொல்லுது, உங்க அக்கவுன்ட்ல 87,000 தான் வந்திருக்கு. உடனே கம்பெனியை மாத்துவீங்களா? பேஸ்லிப்பை எடுத்து நடுவுல எங்க பிடிச்சிருக்காங்கன்னு தான் பார்ப்பீங்க. இங்கயும் அதே வேலைதான். தயாரான வோல்டேஜ் எவ்வளவு, பேட்டரிக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு, நடுவுல எங்க குறைஞ்சது?

தொடங்கும் முன் பாதுகாப்பு

இதை ஸ்கிப் பண்ணாதீங்க.

• ஹைப்ரிட், எலக்ட்ரிக் வண்டின்னா கை வைக்கவே வேண்டாம். ஆரஞ்சு நிற கேபிள்கள் உயிருக்கு ஆபத்தான வோல்டேஜ்.
• மல்டிமீட்டரோட சிவப்பு ஒயர் வோல்ட் ஓட்டையில இருக்கான்னு பாருங்க. "10 ஆம்ப்" ஓட்டையில வச்சுட்டு பேட்டரியைத் தொட்டா நேரடி ஷார்ட்.
• மோதிரம், செயின், மெட்டல் வாட்ச் கழட்டிடுங்க. துப்பட்டா, தொங்குற சட்டைக் கை, தலைமுடி எதுவும் பெல்ட், ஃபேன் பக்கம் போகக் கூடாது.
• ஏதாவது நட்டைக் கழட்டணும்னா, இன்ஜினை ஆஃப் பண்ணி பேட்டரி மைனஸை முதல்ல கழட்டணும். திரும்ப மாட்டும்போது மைனஸ் கடைசி.
• இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழட்டிப் பார்க்கிற "டெஸ்ட்"டை யாரையும் பண்ண விடாதீங்க. பேட்டரிதான் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைத் தாங்கிப் பிடிக்குது. அது இல்லாத நொடியில வோல்டேஜ் எகிறி ஆல்டர்நேட்டர் டயோடு, இசியு எதுவும் அடிபடலாம். என் வண்டியில பண்ண அந்த டெஸ்ட் தப்பான பதிலையும் கொடுத்தது. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

ஒயரிங்ல உங்களுக்குப் பழக்கமே இல்லைன்னா, முதல் மூணு சோதனையை மட்டும் நீங்க பண்ணுங்க. மிச்சத்தை ஆட்டோ எலக்ட்ரீஷியனைப் பண்ணச் சொல்லி பக்கத்துல நின்னு ரீடிங்கைக் குறிச்சுக்கோங்க.

சோதனை 1: நின்ன வண்டியில பேட்டரி வோல்டேஜ்

வண்டி சில மணி நேரம் ஓடாம நின்ன பிறகு, மீட்டரை டிசி 20 வோல்ட்ல வச்சு பேட்டரியோட ரெண்டு முனையிலயும் வைங்க.

• 12.6 அல்லது அதுக்கு மேல: முழு சார்ஜ்
• 12.4 சுமார்: முக்கால்வாசி
• 12.2 சுமார்: பாதி
• 12.0-க்குக் கீழ: கிட்டத்தட்ட காலி

காலியான பேட்டரியோட மத்த சோதனைகளைப் பண்ணாதீங்க, ரீடிங் குழப்பும். முதல்ல வெளி சார்ஜர்ல முழுசா சார்ஜ் போடுங்க. இன்னொரு காரணமும் இருக்கு. ஆல்டர்நேட்டர், இருக்கிற சார்ஜைக் காப்பாத்துறதுக்காக செஞ்ச பொருள். செத்த பேட்டரியை ஜம்ப் பண்ணி ஸ்டார்ட் பண்ணிட்டு "ஓட்டிட்டே சார்ஜ் ஏத்திக்கலாம்"னு விட்டா, அது முழு லோடுல ரொம்ப நேரம் ஓடி சூடாகும். புதுசா போட்ட ஆல்டர்நேட்டருக்கு இது நல்லதில்ல.

சோதனை 2: இன்ஜின் ஓடும்போது அதே இடத்துல

பெரும்பாலான வண்டிகள்ல 13.8-ல இருந்து 14.7 வோல்ட் வரைக்கும் காட்டணும். 13-க்குக் கீழ இருந்தா பேட்டரிக்கு சார்ஜ் போகல. 15-ஐத் தாண்டினா ஓவர்சார்ஜ், அது பேட்டரியைக் கொல்லும். அப்படியே ஓட்டாதீங்க.

புது வண்டிகள்ல ஒரு விஷயம். பேட்டரி மைனஸ்ல ஒரு சென்சார் இருந்து, இசியு ஆல்டர்நேட்டரைக் கட்டுப்படுத்துற மாடல்கள் இப்போ நிறைய. பேட்டரி ஃபுல்லா இருந்தா எரிபொருள் மிச்சம் பிடிக்க வோல்டேஜை அதுவே குறைக்கும். 12.8 காட்டினதும் பதறாதீங்க. ஹெட்லைட்டைப் போட்டுட்டு மறுபடியும் பாருங்க.

சோதனை 3: லோடு கொடுத்து

ஹெட்லைட் ஹை பீம், பிளோயர் ஃபுல், பின் கண்ணாடி டிஃபாகர் எல்லாம் ஆன். வேற யாரையாவது ஆக்சிலரேட்டரை லேசா அழுத்தி 2,000 ஆர்பிஎம்ல பிடிக்கச் சொல்லுங்க. இப்பவும் 13.5 பக்கத்துல நிக்கணும்.

என் வண்டியில சோதனை 2-ல 13.6 காட்டுச்சு. பரவாயில்லன்னு தோணும். லோடு கொடுத்ததும் 12.4-க்கு விழுந்தது. இங்கதான் முதல் துப்பு கிடைச்சது. மழை ராத்திரி மட்டும் ஏன் படுத்துதுன்னும் புரிஞ்சது. பகல்ல லோடு குறைவு, ஏதோ ஓடிடும். ராத்திரியும் மழையும் சேர்ந்தா எல்லாமே ஆன். அப்போ வண்டி பேட்டரியைத் தின்னுட்டு ஓடும்.

சோதனை 4: வோல்டேஜ் எங்க குறையுது? (இதுதான் ஹீரோ)

இந்த சோதனையை ஒரு தடவை பண்ணியிருந்தா என் 19,800 ரூபாயில பெரும்பகுதி தப்பிச்சிருக்கும்.

சோதனை 3-ல இருந்த அதே லோடோட:

அ) மீட்டரோட சிவப்பு முனை ஆல்டர்நேட்டர் பி பிளஸ் போல்ட்ல, கறுப்பு முனை பேட்டரி பிளஸ்ல. ரெண்டுமே பிளஸ், குழம்ப வேண்டாம். ரெண்டு இடத்துக்கும் நடுவுல எவ்வளவு காணாம போகுதுன்னு தான் பார்க்கிறோம். 0.2, 0.3 வரைக்கும் பரவாயில்ல. 0.5-ஐத் தாண்டினா அந்த வழியில கோளாறு.

ஆ) ஒரு முனை ஆல்டர்நேட்டர் பாடியில, இன்னொண்ணு பேட்டரி மைனஸ்ல. 0.2-க்குள்ள இருக்கணும். கூடினா எர்த் கோளாறு.

பி பிளஸ் போல்ட்ல எப்பவும் நேரடி பேட்டரி கரன்ட் இருக்கும். மீட்டர் முனை வழுக்கி பக்கத்து இரும்புல பட்டா பொறி பறக்கும். மெதுவா.

என் ரீடிங்:

• ஆல்டர்நேட்டர்ல தயாரானது: 14.3
• பிளஸ் வழியில காணாம போனது: 1.8
• எர்த் வழியில காணாம போனது: 0.1
• பேட்டரிக்கு வந்து சேர்ந்தது: 12.4

14.3-ல 1.9 கழிச்சா 12.4. கணக்கு டேலி ஆயிடுச்சு! புது ஆல்டர்நேட்டர் அதோட வேலையைச் சரியாத்தான் செஞ்சுட்டு இருந்தது. பிளஸ் கேபிள் வழிதான் முழுங்கிட்டு இருந்தது.

அடுத்து அந்த வழியைத் துண்டு துண்டா அளக்கணும். போல்ட்ல இருந்து கேபிள் லக் வரைக்கும் எவ்வளவு, கேபிளோட ரெண்டு முனைக்கும் நடுவுல எவ்வளவு, மெயின் ஃபியூஸோட ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல எவ்வளவு. என் வண்டியில 1.8-ல 1.6 ஒரே இடத்துல: ஃபியூஸ் பாக்ஸ்ல கேபிள் மாட்டியிருக்கிற முனையில. மூடியைத் திறந்தா லக் பச்சை பூத்து, ஒயரோட மேலுறை கருகி பழுப்பாகி இருந்தது.

இது வெறும் பேட்டரிப் பிரச்சினை மட்டும் இல்லன்னு அப்பதான் உறைச்சது. அந்த லோடுல சுமார் 30 ஆம்ப் ஓடுதுன்னு வைங்க. 30-ஐ 1.6-ஆல பெருக்கினா 48 வாட். ஒரு சால்டரிங் அயர்ன் சூடு, பிளாஸ்டிக் ஃபியூஸ் பாக்ஸுக்குள்ள, குடும்பம் உட்கார்ந்திருக்கிற வண்டியில. ஒயரிங் ஹார்னஸ்ல தீப்பிடிக்கிறது இப்படித்தான் தொடங்கும். பேட்டரியை மட்டும் மாத்தி மாத்தி ஓட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிக்கவே பிடிக்கல.

அந்த மெக்கானிக் டெஸ்ட் ஏன் ஏமாத்துச்சுன்னும் இப்போ விளங்கும். பேட்டரியைக் கழட்டினதும் வண்டி முழுக்க அந்தக் கருகின இணைப்பு வழியா மட்டும் கரன்ட் வாங்கணும். அதனால முடியல, இன்ஜின் நின்னுடுச்சு. பழி ஆல்டர்நேட்டர் மேல விழுந்தது. புதுசு மாட்டும்போது கேபிளை அசைச்சதுல இணைப்பு கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு அஞ்சு நாள் ஓடியிருக்கணும்.

எங்க தெரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் கருகின பகுதியை வெட்டிட்டு, அதே தடிமன்ல புது கேபிளும் லக்கும் போட்டுக் கொடுத்தார். 850 ரூபாய். இப்போ லோடோட பேட்டரியில 14.1.

சோதனை 5: டேஷ்போர்டு லைட்டும் சின்ன கப்ளரும்

சாவியை ஆன் பண்ணி, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாத நிலையில சிவப்பு பேட்டரி லைட் எரியணும். ஸ்டார்ட் ஆனதும் அணையணும்.

• சாவி ஆன்ல லைட்டே எரியலையா? ஃபியூஸ், லைட் போற ஒயர், கப்ளர் பாருங்க. பழைய டிசைன் வண்டிகள்ல அந்த லைட் வழியா வர்ற சின்ன கரன்ட்தான் ஆல்டர்நேட்டரை எழுப்பி விடும். ஒரு பல்பு ஃபியூஸ் ஆனா கூட சார்ஜ் ஆகாது.
• ஸ்டார்ட் ஆன பிறகும் எரியுதா? பெல்ட் லூசா, கப்ளர் சரியா உட்கார்ந்திருக்கா, அப்புறம் பார்ட் நம்பர்.

பார்ட் நம்பர் முக்கியம். ஒரே மாடல் காருக்கு வருஷம், வேரியன்ட் பொறுத்து வேற வேற ஆல்டர்நேட்டர் இருக்கும். போல்ட் ஓட்டை பொருந்தும், கப்ளர் கூட நுழையும், ஆனா உள்ள பின்னோட வேலை வேற. இசியு கட்டுப்பாட்டுல ஓட வேண்டிய வண்டியில சாதாரண ரெகுலேட்டர் மாடலைப் போட்டா லைட் அணையாது. சில வண்டிகள்ல பேட்டரி வோல்டேஜை ரெகுலேட்டருக்குச் சொல்ற தனி ஒயர் இருக்கும். அது அறுந்தா குறைவாவோ கூடுதலாவோ சார்ஜ் ஆகலாம். பழைய பொருள்ல இருக்கிற நம்பரையும் புதுசோட நம்பரையும் போட்டோ எடுத்து வச்சு ஒப்பிடுங்க.

இன்னொண்ணு. லைட் எரியலைங்கிறதால எல்லாம் நல்லா இருக்குன்னு முடிவு கட்டாதீங்க. என் வண்டியில லைட் ஒரு தடவை கூட எரியல. ஆல்டர்நேட்டர் நல்லா இருந்ததால அது எரிய வேண்டிய அவசியமே வரல.

சோதனை 6: ராத்திரி முழுக்க கசிவு

ஓடும்போது 14 வோல்ட் வருது, ஆனா காலையில பேட்டரி காலின்னா, நிக்கும்போது யாரோ குடிக்கிறாங்க. வண்டியைப் பூட்டி, இசியு எல்லாம் தூங்கப் போற வரைக்கும் அரை மணி நேரத்துக்கு மேல காத்திருந்து, டிசி மில்லி ஆம்ப் அளக்கிற கிளாம்ப் மீட்டரால பேட்டரி கேபிளைப் பார்க்கணும். பொதுவா 50 மில்லி ஆம்ப் வரைக்கும் இருக்கலாம். அது ஒரு நாளைக்கு 1.2 ஆம்ப் ஹவர் தான். அதுவே 1 ஆம்ப் கசிஞ்சா ஒரு நாளைக்கு 24. 35 ஆம்ப் ஹவர் பேட்டரி ரெண்டு நாள் தாங்காது. மாசாமாசம் நமக்கே தெரியாம கட் ஆகிற சப்ஸ்கிரிப்ஷன் மாதிரிதான்.

சந்தேகப்பட வேண்டியது: வெளியில போட்ட மியூசிக் சிஸ்டம், டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர். அப்புறம் ஆல்டர்நேட்டருக்குள்ள கெட்டுப்போன டயோடு. ரீகண்டிஷன் பண்ண பொருள் போட்டிருந்தா இதையும் பார்க்கச் சொல்லுங்க. மீட்டரை ஏசி வோல்டேஜ் அளக்கிற இடத்துக்கு மாத்தி, இன்ஜின் ஓடும்போது பேட்டரியில வச்சா 0.5 வோல்ட்டுக்கு மேல காட்டுதுன்னா டயோடு மேல சந்தேகம் வலுக்கும்.

சரி, இப்போ பணத்துக்கு வருவோம்

என் கணக்கு:

• ஆல்டர்நேட்டர், லேபரோட: ரூ.14,600
• பேட்டரி: ரூ.5,200
• மல்டிமீட்டர்: ரூ.700
• கேபிள், லக், லேபர்: ரூ.850
• மொத்தம்: ரூ.21,350
• கண்டிப்பா தேவைப்பட்டது: கடைசி ரெண்டும், ரூ.1,550
• நிறுத்தினதால தப்பிச்சது: ரூ.22,000

பழைய ஆல்டர்நேட்டர் நல்லா இருந்ததா? தெரியாது. பழசை ஒர்க்‌ஷாப்லயே விட்டுட்டு வந்துட்டேன். ஒரு பெஞ்ச்ல வச்சு சுத்திப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஆதாரத்தை நானே விட்டுட்டு வந்த பிறகு யாரைக் கேள்வி கேட்க முடியும்? அதனால இனிமே நீங்க ஒர்க்‌ஷாப் போகும்போது இதெல்லாம் பழக்கமாக்கிக்கோங்க.

1. "எதை அளந்து இந்த முடிவுக்கு வந்தீங்கண்ணா?" மரியாதையா கேளுங்க. நல்ல மெக்கானிக் கோவிச்சுக்க மாட்டார், ரீடிங்கைக் காட்டுவார்.

2. அளந்து பார்க்கத் தனியா காசு கேட்டா சந்தோஷமா கொடுங்க. 500 ரூபாய் அந்தக் கட்டணத்தைக் கொடுக்கக் கணக்குப் பார்த்துட்டு 15,000 ரூபாய் பொருளை யோசிக்காம வாங்குறோம்.

3. ஆல்டர்நேட்டர் நிஜமாவே போயிருந்தாலும் புதுசு மட்டும்தான் வழின்னு இல்ல. கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், பேரிங் இதுல ஒண்ணு தேஞ்சிருந்தா அதை மட்டும் மாத்தித் தர்ற ஆட்டோ எலக்ட்ரிக் கடைகள் இருக்கு. ரெண்டு விலையும் வாரன்ட்டியும் கேட்டு முடிவெடுங்க.

4. பழைய பொருளைத் திருப்பி வாங்குங்க. எக்ஸ்சேஞ்ச் விலைன்னா, அது கெட்டதுன்னு டெஸ்ட் பண்ணிக் காட்டின பிறகு கொடுங்க.

5. டெலிவரி எடுக்கும்போது லோடு கொடுத்து பேட்டரி வோல்டேஜை உங்க கண்ணு முன்னாடி அளந்து, பில்லுல எழுதச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷ வேலை.

பில் பத்தி ரெண்டு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி ஒரே மாதிரி 18 சதவீதம். பழைய 28 சதவீதத்தை யாராவது இன்னும் போட்டா கேளுங்க. ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்னக் கடை உங்ககிட்ட ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. பில்லுல ஜிஎஸ்டி எண் இல்லாம வரி மட்டும் இருந்தா அது தப்பு. "பில் வேண்டாம்னா கம்மி பண்றேன்"ங்கிற பேச்சுக்கு மயங்காதீங்க. பில் இல்லைன்னா வாரன்ட்டியும் இல்ல, பின்னாடி புகார் கொடுக்க ஆதாரமும் இல்ல.

இன்சூரன்ஸ் கை கொடுக்குமா? சாதாரண கார் பாலிசியில மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பழுது கவர் ஆகாது. ஆல்டர்நேட்டர் தானா போனா செலவு உங்களோடதுதான். தீப்பிடிச்சா கவர் உண்டு. ஆனா வெளிக் கடையில ஒயரை வெட்டி ஒட்டிய வேலை இருந்தா சர்வேயர் கேள்வி கேட்பார், கிளைம் இழுபறி ஆகலாம். ஒயரிங்ல எந்த வேலை செஞ்சாலும் சரியான தடிமன், சரியான ஃபியூஸ், பில்லோட செய்யுங்க. ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு பெரிய ஃபியூஸ் போடுறது மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஒர்க்‌ஷாப் தப்பு பண்ணிட்டு கையை விரிச்சா? முதல்ல எழுத்துல கேளுங்க, வாட்ஸ்அப் மெசேஜா இருந்தாலும் சரி. சரிவரலைன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதுக்கு மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கணும். பில்லும் ரீடிங்கும் கையில இருந்தா உங்க பக்கம் வலுவா நிக்கும்.

கடைசியா ஒண்ணு. கார் ஈஎம்ஐ, பெட்ரோல், இன்சூரன்ஸ் வரைக்கும் பட்ஜெட் போடுறோம், ரிப்பேரை மறந்துடுறோம். அது வரும்போது கிரெடிட் கார்டுல விழுது. அவசரத்துல, நடுரோட்டுல, காலையில ஆபீஸ் டைம்ல எடுக்கிற முடிவு பெரும்பாலும் விலை கூடின முடிவாத்தான் இருக்கும். செகண்ட் ஹேண்ட் கார் வச்சிருக்கிறவங்க மாசம் 1,500 ரூபாயைத் தனி அக்கவுன்ட்ல போட்டு வைங்க, வருஷத்துக்கு 18,000. பணம் தயாரா இருந்தா "ரெண்டு நாள் வண்டியை விட்டுட்டு யோசிச்சு சொல்றேன்"னு சொல்ற தைரியம் வரும். எனக்கு மூணாவது எஸ்டிமேட்ல வந்த அந்தத் தைரியம் முதல் எஸ்டிமேட்லயே வந்திருக்கணும்.

மல்டிமீட்டரை எந்த ஓட்டையில வைக்கணும், பி பிளஸ் எங்க இருக்கும்னு வீடியோவுல காட்டியிருக்கேன், பார்த்துட்டு ஆரம்பிங்க. உங்க வண்டியோட ரீடிங்கை கமெண்ட்ல போடுங்க: நின்ன நிலையில, ஓடும்போது, லோடோட, இந்த மூணு நம்பர் போதும். சேர்ந்து பார்ப்போம்.